எந்தக் கண்ணுக்கு எந்த முறை: கண்புரை அறுவைகளை ஒப்பிடும் அளவுகோல் பற்றி

2005-இல் புனேயிலிருந்து வெளியான ஓர் ஆய்வு 400 கண்புரை நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு மீயொலியால் புரையை நொறுக்கி உறிஞ்சும் பேக்கோ. மறு குழுவுக்குப் புரையை உடைக்காமல் வெளியே எடுக்கும், தையலற்ற சிறுகீறல் முறை. ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி போடாமல் 6/18 அல்லது அதைவிடத் தெளிவான பார்வை பெற்றிருந்தவர்கள் பேக்கோ குழுவில் 81 விழுக்காடு, சிறுகீறல் குழுவில் 71 விழுக்காடு. இரண்டே ஆண்டு கழித்து, 2007-இல், நேபாளத்திலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. அதில் 108 நோயாளிகள். பேக்கோவை அமெரிக்காவின் டேவிட் சாங்கும், சிறுகீறலைக் காத்மாண்டுவின் சந்துக் ருய்த்தும் செய்தார்கள். அவரவர் முறையில் உலகறிந்த கைகள். ஆறு மாதம் கழித்து அதே அளவில் அளந்தபோது சிறுகீறலில் 89 விழுக்காடு, பேக்கோவில் 85 விழுக்காடு. அறுவைக்கு எடுத்த நேரம் சிறுகீறலில் சுமார் 9 நிமிடம், பேக்கோவில் 15 நிமிடத்துக்கு மேல். கண்ணாடி போட்டு அளந்தால் இரு ஆய்வுகளிலும் இரு முறைகளும் 98 விழுக்காட்டை ஒட்டியே நின்றன.

ஒரே இரண்டு முறைகள். முடிவுகள் எதிரெதிர்த் திசையில் சாய்கின்றன. நேபாள ஆய்வின் வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதன்று என்பது உண்மை. ஆனால் பேக்கோ தெளிவாக முந்தவில்லை என்பதே அதன் செய்தி. இவற்றுள் எது சரி என்று கேட்பவருக்கு, இரண்டும் சரி என்பதே இக்கட்டுரையின் விடை. ஒரு முறையின் இயல்பு என்று நாம் பேசிக்கொண்டிருப்பவற்றுள் பெரும்பகுதி, அந்த முறை செய்யப்படும் ஏற்பாட்டின் இயல்பே. கீறல் எங்கே போடப்பட்டது, புரை எவ்வளவு முற்றியிருந்தது, கத்தியைப் பிடித்த கை எவ்வளவு பழகியது, பார்வையை எந்த நாளில் எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பவை முடிவைத் தீர்மானிக்கின்றன. இது உண்மையானால், பணம் கட்டுபவருக்குப் பேக்கோ, முகாமில் வருபவருக்குச் சிறுகீறல் என்று நம் மருத்துவமனைகளில் ஊறிப்போன பங்கீட்டுக்கு மருத்துவ அடிப்படை இல்லை.

அளக்கும் நாள் மாறினால் வெல்லும் முறையும் மாறும் என்பதற்குச் சென்னையிலேயே பழைய சான்று உண்டு. 1819-இல் தொடங்கி இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனையின் தலைவராக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். ஊசியால் புரையைக் கண்ணின் உட்குழிக்குள் தள்ளிவிடும் நாட்டு முறையைப் பற்றி 1917-இல் அவர் தனி நூலே எழுதினார். ஊசி குத்திய அந்த மணியிலேயே நோயாளி விரல்களை எண்ணிவிடுவார். அன்றைக்கு அளந்தால் அதைவிட எளிய, மலிவான, விரைவான முறை வேறில்லை. ஆனால் தள்ளப்பட்ட லென்ஸ் கண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. வாரங்களிலோ மாதங்களிலோ அழற்சியும் கண் அழுத்தமும் ஏறிப் பார்வை போகும்போது, ஊசி குத்தியவர் அடுத்த ஊரில் இருப்பார். எலியட் பெரும்பாலும் கண்டது இப்படிக் கெட்ட பிறகு மருத்துவமனைக்கு வந்த கண்களையே. அவர் சேர்த்த சான்றிலும் ஒரு சாய்வு உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும்: பார்வையோடு ஊரில் இருந்தவர்கள் அவரிடம் வரத் தேவையில்லை. இருந்தும் அவர் எழுப்பிய கேள்வி இன்றைக்கும் செல்லும். முறையை மதிப்பிடுவது கட்டு அவிழ்க்கும் நேரத்திலா, நோயாளி தன் வாழ்க்கைக்குத் திரும்பிய பிறகா?

இடைப்பட்ட வரலாற்றை விரைவாகக் கடக்கலாம். லென்ஸைத் தள்ளாமல் வெளியே எடுக்கும் வழியைப் பிரான்சின் ழாக் தவியேல் 1740-களில் காட்டினார். பின்னர் லென்ஸை அதன் உறையோடு சேர்த்து எடுக்கும் முறை வந்து, நம் நாட்டில் 1980-கள் வரை ஆண்டது. எடுத்தவர்களெல்லாம் சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரிந்தார்கள். அந்தக் கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடர்கள். 1949-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி முதல் உள்விழி லென்ஸைப் பொருத்தினார். செயற்கை லென்ஸை உட்கார வைக்க இயற்கை உறை வேண்டும். எனவே உறையை விட்டு லென்ஸை மட்டும் எடுக்கும் முறை மீண்டும் உயிர்பெற்றது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கீறலும் பல தையல்களும் தேவைப்பட்டன. தையல் இழுத்த இழுப்பில் கருவிழியின் வளைவு கோணி, சிதறல் பார்வை வந்தது. இந்தத் தையலை ஒழிக்கும் முயற்சியின் இரண்டு கிளைகளே இன்று ஒப்பிடப்படும் இரண்டு முறைகளும். நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன் 1967-இல் காட்டிய வழி: புரையை உள்ளேயே நொறுக்கினால் பெரிய வாசல் தேவையில்லை. மற்றது: வாசல் பெரிதாகவே இருக்கட்டும், ஆனால் தானாக மூடிக்கொள்ளும்படி வெட்டுவோம்.

இந்த இரண்டாவது வழி பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றுவதால் அதன் நுட்பம் குறைத்தே மதிப்பிடப்படுகிறது. கருவிழியின் ஓரத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் பின்னே, வெள்விழியின் மேல், ஓரங்கள் கருவிழியை விட்டு விலகி வளையும்படி ஆறேழு மில்லிமீட்டர் நீளத்தில் பாதி ஆழத்துக்கு ஒரு கோடு கிழிப்பார்கள். பிறை வடிவக் கத்தியை அந்த ஆழத்திலேயே வைத்து, மேலும் இறங்காமல் மேலே கிழியாமல், வெள்விழிக்குள் சுரங்கம் தோண்டியபடி கருவிழிக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகவேண்டும். கத்தி சரியான அடுக்கில் போகிறதா என்பதை அதன் விளிம்பு மேலடுக்கின் ஊடே மங்கலாகத் தெரிவதை வைத்துத்தான் அறியமுடியும். கூடுதலாகத் தெரிந்தால் மேலே கிழியப்போகிறது. தெரியாமலே போனால் கண்ணுக்குள் முன்கூட்டியே புகுந்துவிடும். சுரங்கத்தின் உள்வாய் வெளிவாயைவிட அகலமாக இருக்கவேண்டும். பிறகு லென்ஸ் உறையின் முன்புறத்தில் வட்டமாகத் திறந்து, நீரைப் பாய்ச்சி லென்ஸின் நடுப்பகுதியாகிய கருவைத் தளர்த்தி, முன்னறைக்குள் புரட்டிக் கொண்டுவந்து, கருவுக்கு மேலும் கீழும் ஜெல் செலுத்திக் கருவிழியின் உட்புறத்தைக் காக்கிறார்கள். நீர் பாயும் வளையத்தைக் கருவின் அடியில் நுழைத்துச் சுரங்கத்தின் தரையை மெல்ல அழுத்தினால், முற்றிய கரு புளியங்கொட்டை நிறத்தில் முழுசாக வெளியே வந்து விழும். கண்ணுக்குள் அழுத்தம் திரும்பியதும் சுரங்கத்தின் உள்ளுதடு தானே அமுங்கி மூடிக்கொள்கிறது. தையல் வேண்டியதில்லை.

பேக்கோவில் கருவிழியின் ஓரத்தில் இரண்டேகால் முதல் மூன்று மில்லிமீட்டர் வரையிலான வாசல் போதும். நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும் உலோக ஊசிமுனை கருவைச் செதுக்க, அதே ஊசி உறிஞ்சிக்கொள்கிறது. மடங்கும் லென்ஸ் அதே வாசல் வழியே போய் உள்ளே விரிகிறது. கண் அமைதியாக இருக்கும். மறுநாளே பார்வை தெளியும். மென்மையான, இடைத்தரமான புரைக்கு இதைவிட நயமான அறுவை இன்று இல்லை. இதை நான் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். தொல்லை கரு கெட்டிப்படும்போது தொடங்குகிறது. கெட்டி கூடக் கூட மீயொலியின் நேரமும் ஆற்றலும் கூடுகின்றன. அதிர்வும் வெப்பமும் சிதறும் துண்டுகளும் கருவிழியின் உள்வரிச் செல்களைத் தாக்குகின்றன. அந்தச் செல்கள் மனிதரில் மீண்டும் பெருகுவதில்லை. எண்ணிக்கை மிகவும் குறைந்தால் கருவிழி நீர் கோத்து மங்கிவிடும்.

சராசரிக் கண்ணில் இந்தச் சேதம் முறைக்கு முறை அதிகம் வேறுபடுவதில்லை. 2005-இல் சென்னையிலிருந்து வெளியான ஒப்பீடு ஒன்று பழைய தையல் முறை, சிறுகீறல், பேக்கோ மூன்றையும் அருகருகே வைத்து அளந்தது. உள்வரிச் செல் இழப்பு முறையே 4.72, 4.21, 5.41 விழுக்காடு, இவற்றுள் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அறுவை உண்டாக்கிய சிதறல் பார்வை முறையே 1.77, 1.17, 0.77 டயாப்டர். வாசல் சிறுத்ததன் பயன் இங்கே படிப்படியாகத் தெரிகிறது. முற்றி வெளுத்த புரைகளை மட்டும் எடுத்துக்கொண்ட புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு 2010-இல் வந்தது. 270 நோயாளிகளில், ஆறாம் வாரத்தில் கண்ணாடியின்றி நல்ல பார்வை பெற்றவர் பேக்கோவில் 87.6 விழுக்காடு, சிறுகீறலில் 82. நேரம் முறையே 12.2 நிமிடமும் 8.8 நிமிடமும். தேர்ந்த கைகளில் வெளுத்த புரையைக்கூடப் பேக்கோ சமாளிக்கும் என்பதை இது காட்டுகிறது. ‘தேர்ந்த கைகளில்’ என்ற நிபந்தனையை மறந்துவிட்டு இந்த எண்களைப் படிக்கக்கூடாது.

கையின் பங்கைக் காட்டும் மிகச் சிறந்த சான்று மதுரையில் கிடைக்கிறது. கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் 79,777 அறுவைகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அறுவையின்போது நேர்ந்த சிக்கல்களின் மொத்த விகிதம் பேக்கோவில் 1.11 விழுக்காடு, சிறுகீறலில் 1.01; வேறுபாடே இல்லை என்று சொல்லிவிடலாம். பயிற்சி மருத்துவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் படம் வேறு. பேக்கோவில் 4.8 விழுக்காடு, சிறுகீறலில் 1.46. இது சமவாய்ப்பு ஆய்வன்று; எந்த நோயாளிக்கு எந்த முறை என்பதை மருத்துவமனையே முடிவு செய்தது. ஆனாலும் மூன்று மடங்குக்கு மேற்பட்ட இடைவெளியை நோயாளித் தேர்வால் மட்டும் விளக்கிவிட முடியாது. சராசரி விகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு இரு முறைகளும் சமம் என்று அறிவிப்பவர், பழகும் கையின் கீழே படுத்திருக்கும் நோயாளியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பேக்கோ நடுவழியில் சிக்கிக்கொள்ளும் நேரங்கள் உண்டு. கரு எதிர்பார்த்ததைவிடக் கெட்டியாக இருக்கலாம். லென்ஸைத் தாங்கும் இழைகள் தளர்ந்திருக்கலாம். பின்னுறை கிழியத் தொடங்கலாம். அப்போது கருவை விழித்திரைப் பக்கம் விழவிடாமல் முழுசாக வெளியே கொண்டுவர வாசலைப் பெரிதாக்கும் கை வேண்டும். சிறுகீறலை ஒழுங்காகக் கற்றவருக்கு அது பழகிய வழி. பேக்கோ மட்டுமே கற்றவருக்கு அது நெருக்கடி. பணம் கட்டி மேலான முறையைப் பெற்றதாக நினைக்கும் நோயாளியின் பாதுகாப்பும், இப்படிப் பார்த்தால், மருத்துவர் சிறுகீறலில் பெற்ற பயிற்சியைச் சார்ந்தே இருக்கிறது.

செலவு, கழிவு, தொற்று ஆகிய மூன்றும் வழக்கமாக முறையின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. பேக்கோவுக்கு விலையுயர்ந்த இயந்திரமும் ஒவ்வொரு அறுவைக்கும் நுகர்பொருள்களும் வேண்டும் என்பது மறுக்க முடியாதது. ஆனால் 1992-இல் மதுரையில் லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் தொடங்கி உள்விழி லென்ஸின் விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியபோது குறைந்தது முறையின் செலவன்று, ஏற்பாட்டின் செலவு. கரிம உமிழ்வைப் பாருங்கள்: பிரிட்டனில் ஒரு பேக்கோ அறுவைக்குச் சுமார் 180 கிலோ கரியமிலவாயுவுக்கு இணையான உமிழ்வு என்று 2013-இல் கணக்கிட்டார்கள். அரவிந்தில் அதே பேக்கோவுக்குச் சுமார் 6 கிலோ என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. கருவி ஒன்று, அறுவை ஒன்று, உமிழ்வு முப்பதில் ஒரு பங்கு. தொற்றும் இப்படித்தான். அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்தும் பழக்கம் வந்த பிறகு, அரவிந்தின் ஆறு லட்சம் அறுவைகளை வைத்துச் செய்த கணக்கில் உள்விழித் தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02-க்கு இறங்கியது. ஒரு சொட்டு மருந்து தந்த இந்தப் பாதுகாப்பு, கீறல் பெரிதா சிறிதா என்ற நெடுங்கால விவாதத்தில் கிடைத்ததில்லை.

இனி, என் நிலைப்பாட்டுக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான வாதம். சிறுகீறலில் கண்ணாடி இல்லாப் பார்வை சற்றுக் குறைகிறது. கண்ணாடி போட்டால் சமமாகிவிடுகிறது. சரி. ஆனால் கண்ணாடி போடப்போவது யார்? வசதியுள்ளவர் அடுத்த வாரமே கடைக்குப் போவார். முகாமில் பேருந்தேறி வந்த விவசாயக் கூலி மூதாட்டி, மறுபரிசோதனைக்கு வருவதே அரிது; எண் மாறிய கண்ணாடிக்காக இன்னொரு நாள் கூலியை இழப்பாரா? ஆகவே புனே ஆய்வின் அந்தப் பத்து விழுக்காட்டு இடைவெளி யாரால் தாங்கிக்கொள்ள முடியாதோ அவர்கள் தலையிலேயே போய் விழுகிறது. உலக சுகாதார நிறுவனம் கைவசமுள்ள கண்ணாடியோடு 6/18 பார்வை பெறுவோர் எண்பது விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று வரையறுத்தது. கைவசம் கண்ணாடியே இல்லாதவருக்கு 81-க்கும் 71-க்கும் உள்ள வேறுபாடு, அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்ற வேறுபாடு.

இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது சிறுகீறலைக் கைவிடுவதற்கான வாதமன்று. சிதறல் பார்வை எப்படி வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். வெட்டு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கருவிழியின் வளைவு தட்டையாகும். முதியவர்களின் கருவிழி பெரும்பாலும் கிடைவாட்டில் ஏற்கெனவே கூடுதலாக வளைந்திருக்கும். மேலிமைக்கு அடியில், அதாவது உச்சியில், கீறல் போட்டால் செங்குத்து வளைவு இன்னும் தட்டையாகி, இருந்த கோணல் பெரிதாகும். நெற்றிப்பொட்டுப் பக்கம் கீறினால் கிடைவாட்டு வளைவு தணிந்து கோணல் குறையும். 2005-இல் இந்தியாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வில் சிறுகீறல் உண்டாக்கிய சிதறல் பார்வை உச்சிக் கீறலில் 1.28 டயாப்டர், பக்கவாட்டுக் கீறலில் 0.37, மேல்பக்கவாட்டுக் கீறலில் 0.20. முறை ஒன்று, கருவி ஒன்று, சுரங்கத்தின் நீளம் ஒன்று. இடம் மாறியதும் ஏறத்தாழ ஒரு டயாப்டர் காணாமல் போகிறது. சென்னை ஒப்பீட்டில் பேக்கோவுக்கும் சிறுகீறலுக்கும் இடையே இருந்த 0.40 டயாப்டர் இடைவெளியைவிட இது பெரிது.

அப்படியிருந்தும் உச்சிக் கீறல் ஏன் பரவலாக நீடிக்கிறது? மேலிமை காயத்தை மூடிக் காக்கும் என்பது ஒரு காரணம். அது நேர்மையான காரணம். இன்னொன்று இருக்கை. இரண்டு மேசைகளை அடுத்தடுத்துப் போட்டு, ஒரு நோயாளிக்கு முடிந்ததும் நுண்ணோக்கியைத் திருப்பி அடுத்தவருக்குத் தொடங்கும் தொகுதி அறுவையில், மருத்துவர் தலைமாட்டில் உட்காருவதே வசதி. பக்கவாட்டில் கீற வேண்டுமானால் வலக்கண்ணுக்கு ஒரு பக்கம், இடக்கண்ணுக்கு மறுபக்கம் இருக்கை மாறவேண்டும்; மேசைகளின் இடைவெளி, நுண்ணோக்கியின் கை, செவிலியர் நிற்கும் இடம் எல்லாம் மாறவேண்டும். ஒரு அறுவைக்கு நாலு நிமிடத்துக்கும் குறைவான சராசரி நேரத்தில் நூற்றுக்கணக்கானோருக்குப் பார்வை தந்த அந்த ஏற்பாட்டின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது இல்லாமல் பல லட்சம் பேர் இருட்டிலேயே இறந்திருப்பார்கள். ஆனால் அந்த வசதிக்கான விலையை நோயாளியின் கருவிழி கொடுக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். அந்த விலையைச் சிறுகீறல் முறையின் பேரில் எழுதுவது தவறு. பாதி வழியாகிய மேல்பக்கவாட்டுக் கீறலுக்குத் தலைமாட்டு இருக்கையைச் சற்றே நகர்த்தினால் போதும். எனவே விரைவையும் பார்வையையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தத் தேவையுமில்லை.

கண்புரை அறுவையில் பயன்படும் ஃபெம்டோ நொடி லேசரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சிலும் பிரிட்டனிலும் நடந்து 2020-இல் வெளியான பெரிய ஆய்வுகள் இரண்டும், வழக்கமான பேக்கோவைவிட அது பார்வையில் கூடுதலாக எதையும் தரவில்லை, செலவுக்கு ஏற்ற பயனும் இல்லை என்று முடித்தன. இருந்தும் கட்டணப் பட்டியலின் உச்சியில் அது இடம்பிடிக்கிறது. முறைகளை விலையின் ஏணியில் அடுக்கி, மேல்படியில் இருப்பதே மேலான பார்வை என்று நோயாளியை நம்பவைக்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதுவே சாட்சி. அதே ஏணியின் கீழ்ப்படியில் சிறுகீறலை வைத்ததால் இரண்டு அநியாயங்கள் ஒருசேர நடக்கின்றன. கெட்டிப்பட்ட பழுப்புப் புரையும் பலவீனமான உள்வரிச் செல்களும் உள்ள கட்டண நோயாளிக்குச் சிறுகீறலே உகந்ததாக இருந்தும் பேக்கோ செய்யப்படுகிறது. மென்மையான புரையோடு சீக்கிரமே வந்துவிட்ட ஏழை நோயாளிக்குப் பேக்கோ எளிதாக இருந்தும் மறுக்கப்படுகிறது.

2021-இல் உலக சுகாதாரப் பேரவை, பயன்தரும் கண்புரை அறுவையின் பரவலை 2030-க்குள் 30 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்த இலக்கு வைத்தபோது, நல்ல பார்வைக்கான அளவை 6/18-இலிருந்து 6/12-க்கு உயர்த்தியது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட இந்தியரின் பார்வையின்மையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம் என்று 2015–19 தேசியக் கணக்கெடுப்பு சொல்லும் நாட்டில் இந்த மாற்றம் சிறியதன்று. 6/18-ஐப் பிடிக்க ஒன்றேகால் டயாப்டர் கோணலோடும் ஒப்பேற்றிவிடலாம். 6/12-க்கு அது கடினம். உச்சிக் கீறலோடு செய்யப்படும் சிறுகீறல் புதிய அளவுகோலில் இன்னும் பின்தங்கும். அதைக் காட்டியே அந்த முறையைப் பயிற்சித் திட்டங்களிலிருந்து நீக்கும் குரல்களும் எழக்கூடும். அப்படி நடந்தால் கெட்டிப்பட்ட புரையோடு வரும் கண்ணுக்கு இளம் மருத்துவரின் கையில் பாதுகாப்பான வழி எதுவும் மிஞ்சாது. பட்டமேற்படிப்பில் பக்கவாட்டு, மேல்பக்கவாட்டுச் சிறுகீறல்களைக் கட்டாயமாக்கி, அவற்றில் கை பழகிய பின்னரே பேக்கோவுக்கு அனுப்பவேண்டும். ஒவ்வொரு அறுவைக் குறிப்பிலும் கருவின் கெட்டித்தரம், அறுவைக்கு முந்தைய கருவிழி வளைவு, கீறலின் இடம், ஆறாம் வாரத்தில் கண்ணாடி இல்லாப் பார்வை ஆகிய நான்கும் பதிவாகவேண்டும். முகாமில் அறுவை செய்த மருத்துவமனையே ஆறாம் வாரம் அந்த ஊருக்குத் திரும்பிப் போய், கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு வரவேண்டும். அறுவைக்கு அரசு தரும் மானியத்தின் ஒரு பகுதியை அந்த ஆறாம் வாரப் பதிவு வந்த பிறகே விடுவிப்பது இதற்கு நேரான வழி.